அத்தை இல்லாத வம்சாவளி

எனக்கு ஓரிடத்தில் உட்காரத் தெரியாது. பள்ளிக்கூடத்தில் டீச்சர்கள் சொன்னார்கள், கல்லூரியில் சொன்னார்கள், இப்போது வீட்டில் இருப்பவர்கள் சொல்கிறார்கள். நின்றால் நடக்க வேண்டும், நடந்தால் பஸ் ஏற வேண்டும், பஸ் ஏறினால் அது எப்போது போய்ச் சேரும் என்று கால் ஆட வேண்டும். அப்படிப்பட்ட நான் ஒரே ஒரு புத்தகத்தின் முன்னால் மட்டும் மணிக்கணக்காக அசையாமல் உட்கார்ந்திருக்கிறேன். அது ஐரோப்பிய அரச குடும்பங்களின் வம்சாவளிப் புத்தகம். யார் யாருக்குப் பிறந்தார், யாரைக் கட்டினார், எந்த வருஷம் முதல் எந்த வருஷம் வரை ஆண்டார், அவருக்குப் பின் யார். கதை கிடையாது, படம் கிடையாது. பக்கத்துக்குப் பக்கம் கோடுகளும் பெயர்களும்தான்.

நைனா, அதாவது என் அப்பா, மாமல்லபுரத்தில் ஒரு விடுதியில் அறை சுத்தம் செய்யும் வேலையில் இருந்தார். வெள்ளைக்காரர்கள் அறையைக் காலி செய்யும்போது பாதி தீர்ந்த சோப்பு, பிய்ந்த செருப்பு, படித்து முடித்த புத்தகம் என்று எதையாவது விட்டுவிட்டுப் போவார்கள். புத்தகங்களைப் பழைய புத்தகக் கடைக்காரர் வாங்கிக்கொள்வார். இந்தப் புத்தகத்தை அவரும் வேண்டாம் என்று சொல்லிவிட்டார். தூக்கினால் கை வலிக்கும் கனம். நைனா அதைச் சைக்கிள் கேரியரில் கட்டி எடுத்து வந்தார்.

"ஹிஸ்டரி தானே படிக்கிற. வச்சிக்கோ. படிக்கலன்னா தலைக்கு வச்சிகினு தூங்கு" என்றார்.

அது தொண்ணூறுகளின் நடுப்பகுதி. நான் செங்கல்பட்டில் கல்லூரி முதல் வருஷம். எங்கள் தெரு மாமல்லபுரத்துக்கும் கல்பாக்கத்துக்கும் நடுவில், சாலையை விட்டுக் கடல் பக்கம் இறங்கினால் வரும் சவுக்குத் தோப்புக்குள் இருந்தது. காலையில் சாலையில் நின்றால் கல்பாக்கத்துக்குப் போகும் ஸ்டாஃப் பஸ்கள் வரிசையாகப் போகும். உள்ளே இஸ்திரி போட்ட சட்டைகள். எங்களுக்காக ஒன்றும் நிற்காது. எங்கள் பஸ் வந்து, மாமல்லபுரத்தில் இறங்கி, இன்னொன்று பிடித்து, திருக்கழுக்குன்றம் சுற்றி, செங்கல்பட்டு போய்ச் சேர்வதற்குள் எனக்குப் பைத்தியம் பிடித்துவிடும். அந்தப் பைத்தியத்தை அடக்கத்தான் ராஜாக்களை மனப்பாடம் செய்தேன். திருக்கழுக்குன்றம் வரை பிரான்ஸ், அதற்குப் பிறகு ஆஸ்திரியா. கண்டக்டர் வந்து டிக்கெட் கேட்டால் வருஷத்தைச் சொல்லிவிடுவேன் போல இருக்கும்.

அந்தப் புத்தகம் ஆங்கிலத்தில் இருந்தது. அதில் எனக்கு ஒரு பெரிய எரிச்சல் உண்டு. அப்பாவின் தம்பியும் அங்கிள், அம்மாவின் அண்ணனும் அங்கிள். இரண்டும் ஒன்றா? ஒருவர் வீட்டில் பெண் எடுக்கலாம், இன்னொருவர் வீட்டில் எடுத்தால் வெட்டு குத்து. எனவே நானே பென்சிலை வைத்துக்கொண்டு ஓரத்தில் முறை போட ஆரம்பித்தேன். இவர் சித்தப்பா, இவர் தாய்மாமன், இவன் பங்காளி, இவன் மச்சான். முறை போட்ட பிறகுதான் அந்தக் கோடுகளுக்குள் மனிதர்கள் தெரிந்தார்கள். ஐரோப்பாவே ஒரு பெரிய தெரு மாதிரி ஆகிவிட்டது.

இதையெல்லாம் யாரிடமாவது சொல்லாவிட்டால் எனக்குத் தலை வெடித்துவிடும். அம்மா காது கொடுக்கமாட்டாள். கேட்டவள் அத்தை ஒருத்திதான். நைனாவின் அக்கா. புருஷன் வீட்டிலிருந்து சின்ன வயதிலேயே திரும்பி வந்துவிட்டவள். எங்கள் வீட்டுக்குக் கொஞ்சம் தள்ளி, தாத்தாவின் மணல்மேட்டு ஓரத்தில், தனியாக ஓலை வீடு போட்டுக்கொண்டு இருந்தாள். கல்பாக்கம் குடியிருப்பில் நான்கு வீட்டில் பாத்திரம் தேய்ப்பாள். மத்தியானம் திரும்பி வந்து, தோப்பில் உதிர்ந்த சவுக்கு மிலாற்றை அடுப்பெரிக்கக் கூட்டி அள்ளுவாள். நான் அவள் பின்னாலேயே நடந்துகொண்டு ராஜா கதை சொல்வேன். இருவருக்கும் நிற்க நேரமில்லை. அது எங்களுக்குத் தோதாக இருந்தது.

ஹாப்ஸ்பர்க் வம்சத்துக் கதையைச் சொன்ன அன்று அத்தை துடைப்பத்தைக் கீழே போட்டுவிட்டாள். ஸ்பெயினை ஆண்ட அந்த வம்சத்தில் இரண்டு ராஜாக்கள் சொந்த உடன்பிறந்தவளின் மகளையே கட்டியிருந்தார்கள். வெள்ளைக்காரப் புத்தகம் இதை ஏதோ பெரிய பாவம் போல எழுதியிருந்தது. எங்களுக்கு அதில் ஆச்சரியப்பட ஒன்றுமில்லை. தெருவில் பாதிப் பேர் அக்கா மகளைக் கட்டியவர்கள்தான். ஆனால் நான் வருஷங்களைப் பார்த்துக் கணக்குப் போட்டு வைத்திருந்தேன்.

"அக்கா பொண்ணு இல்ல அத்த. ரெண்டு பேரும் தங்கச்சி பொண்ணக் கட்டிகினானுங்க."

"தங்கச்சி பொண்ணையா? கருமம்! அது மவ மாதிரி ஆச்சேடி. அந்த வம்சம் வெளங்குமா?"

விளங்கவில்லை. கடைசி ராஜாவுக்கு வாய் மூட முடியாத தாடை, பிள்ளை இல்லை, அவர் செத்ததும் யார் உட்காருவது என்று ஐரோப்பா முழுக்கப் பன்னிரண்டு பதின்மூன்று வருஷம் அடித்துக்கொண்டது. அத்தைக்கு ரொம்பத் திருப்தி.

இன்னொரு நாள் உலகப் போரைச் சொன்னேன். இங்கிலாந்து ராஜாவுக்கு ஜெர்மனி ராஜா அத்தை மகன், அதாவது மச்சான். ரஷ்ய ராஜா சித்தி மகன், அதாவது தம்பி. அண்ணன் தம்பி ஒரு பக்கம், மச்சான் எதிர்ப்பக்கம் என்று இவர்கள் நாடுகள்தான் மோதிக்கொண்டன என்றேன். அத்தை கொஞ்சமும் யோசிக்கவில்லை.

"சொத்துத் தகராறா?" என்று கேட்டாள்.

எனக்கு மிகப் பிடித்தது பிரான்சின் பழைய வம்சம். முந்நூறு வருஷத்துக்கு மேல் அப்பனுக்குப் பின் மகன், அவனுக்குப் பின் அவன் மகன் என்று பன்னிரண்டு ராஜாக்கள். நடுவில் ஒரு பிசகு கிடையாது. நேர்கோடு. பன்னிரண்டாவது ராஜா போன பின் கடைசியில் மிஞ்சியது ஒரு சின்னப் பெண். சித்தப்பன் அவளைத் தள்ளிவிட்டுத் தானே உட்கார்ந்துகொண்டான். பெண்ணுக்குக் கிரீடம் இறங்காது என்று பெரியவர்களைக் கூட்டி முடிவு சொல்ல வைத்தான். கொஞ்ச வருஷத்தில் அவனும் செத்தான். அவனுக்கும் பெண்கள்தான். அவன் சொன்ன அதே சட்டத்தை வைத்து அவன் தம்பி உட்கார்ந்தான். அவனுக்கும் பெண்கள்தான். அத்தோடு அந்தக் கோடு தீர்ந்தது. கிரீடம் பங்காளிக்குப் போக, இங்கிலாந்தை ஆண்ட தங்கை மகன் எனக்குத்தான் உரிமை என்று கடல் தாண்டி வந்தான். சண்டை நூறு வருஷத்துக்கு மேல் நடந்தது.

"அது கெடக்கட்டும். அந்தச் சின்னப் பொண்ணு இன்னா ஆனா?" என்றாள் அத்தை.

"வேற ஒரு சின்ன ராஜ்ஜியத்துக்கு ராணி ஆனா."

"அவனுங்க குடுத்தானுங்களா, இவளே கேட்டு வாங்கினாளா?"

எனக்குத் தெரியவில்லை. புத்தகத்தில் அவளுக்கு ஓரமாக ஒரு வரிதான் இருந்தது. உண்மையைச் சொன்னால் எனக்கு அந்தப் பெண் முக்கியமாகவும் படவில்லை. பன்னிரண்டு பேர் வரிசையாக இறங்கி வரும் அந்தப் படத்தின் சுத்தம்தான் என்னைக் கிறங்க வைத்தது. எங்கள் வீட்டில் எதுவும் அத்தனை நேராக இல்லை.

அதனால்தான் எங்களுக்கும் ஒன்று வரைய ஆசை வந்தது. மூன்றாம் வருஷம் லீவில், சார்ட் பேப்பர் வாங்கி, ஸ்கெட்ச் பேனா வாங்கி, இரண்டு நாள் உட்கார்ந்து வரைந்தேன். உச்சியில் தாத்தா. அவருக்கு முன்னால் யார் என்று யாருக்கும் தெரியாது. அவர்கள் எல்லோரும் இன்னொருவர் நிலத்தில் நாற்று நட்டுச் செத்தவர்கள். தாத்தா காலத்தில்தான், ஒன்றும் விளையாத மணல்மேடு என்று ஆண்டை அவருக்கே அதைக் கிரயம் பண்ணிக் கொடுத்தார். எனவே பத்திரம் பதிந்த வருஷத்தில் எங்கள் வம்சம் தொடங்குவதாக எழுதினேன். தாத்தாவுக்கு ஆட்சிக்காலம் போட்டேன். நைனாவுக்கு ஒரு கிளை, சித்தப்பாவுக்கு ஒரு கிளை, கீழே நானும் தம்பியும், அந்தப் பக்கம் சித்தப்பாவின் பிள்ளைகள். தராசுத் தட்டு மாதிரி இரண்டு பக்கமும் சமமாக வந்தது.

அத்தையை முதலில் பென்சிலில் போட்டிருந்தேன். அவள்தான் மூத்தவள், இடது ஓரத்தில் முதலாவதாக வந்தாள். ஆனால் அவளுக்குக் கீழே ஒன்றுமில்லை. ஒரு பக்கம் கோடு இறங்காமல் மொட்டையாக நின்று படமே கோணலாகத் தெரிந்தது. என் பெரிய புத்தகத்தின் முதல் பக்கத்தில் ஒரு குறிப்பு உண்டு. வாரிசு வரிசைக்குத் தேவையானவர்கள் மட்டுமே இங்கே காட்டப்பட்டுள்ளனர் என்று. நான் ரப்பரை எடுத்து அத்தையை அழித்தேன். யாரும் அழிக்கச் சொல்லவில்லை. மனசு உறுத்தவுமில்லை. ஊதித் தூளைத் தட்டிவிட்டுத் தாத்தாவுக்குக் கிரீடம் வரையப் போனேன்.

படத்தைக் கூடத்துச் சுவரில் ஒட்டினோம். அத்தை வந்து ரொம்ப நேரம் பார்த்தாள். அப்போது அவளுக்குப் படிக்கத் தெரியாது.

"ஷோக்கா கீது. உங்க தாத்தன் இத்தப் பாக்க இல்லாம பூட்டானே" என்றாள். எனக்குப் பெருமை தாங்கவில்லை.

படிப்பு முடிந்தது. வேலை வரவில்லை. செங்கல்பட்டில் பதிவு அலுவலகத்துக்கு எதிரே ஒரு பத்திர எழுத்தரிடம் சேர்ந்தேன். அவர் சொல்லச் சொல்ல எழுதுவது, ஓடிப்போய் முத்திரைத்தாள் வாங்கி வருவது. உட்கார வேண்டாத வேலை என்பதால் பிடித்தது. ஒரு நாள் யாருக்கோ வாரிசுப் படம் தேவைப்பட, நான் ஐந்து நிமிஷத்தில் போட்டுக் கொடுத்தேன். அதன் பிறகு அது என் வேலையாகிவிட்டது. இரண்டாயிரம் பிறந்து, கேளம்பாக்கம் பக்கம் கம்பெனிகள் வந்து, கடற்கரைச் சாலை ஓரத்து மணலுக்கெல்லாம் ஆள் தேடி வர ஆரம்பித்ததும், காலையில் கடை திறக்கும் முன்பே ஜனங்கள் நின்றார்கள். எல்லோருக்கும் செத்துப்போன தாத்தாவின் பிள்ளைகள் யார் யார் என்று ஒரு படம் வேண்டும். முதல் வாரமே எழுத்தர் என்னை எச்சரித்துவிட்டார்.

"இத பாரு தாயி, பொண்ணுங்கள மட்டும் வுட்டுடாத. கட்டிக் குடுத்துட்டோம், சீரு செஞ்சிட்டோம்னு ஆயிரம் சொல்லுவானுங்க. காதுலயே போட்டுக்காத. ஆம்பளைக்குச் சமமா அவளுக்கும் பங்கு."

நானும் விடவில்லை. மீசைக்காரர்களிடம் எல்லாம் சண்டை போட்டு அவர்கள் அக்கா தங்கைகளைப் படத்தில் ஏற்றியிருக்கிறேன். ஊருக்கெல்லாம் சரியாகச் செய்தேன்.

எங்கள் மணல்மேட்டுக்கும் ஆள் வந்தது. கடலோரத்தில் ஓய்வு விடுதி கட்டுகிறவர்கள். பேச்சுவார்த்தை எல்லாம் சித்தப்பாதான். தாத்தா பெயரில் இருந்த பட்டாவை வாரிசுகள் பெயருக்கு மாற்றினால் விற்றுவிடலாம் என்றார்கள். சித்தப்பா ஒரு ஞாயிற்றுக்கிழமை வந்து, சுவரிலிருந்த என் படத்தைப் பிய்த்து எடுத்து மேசைமேல் விரித்தார். ஓரமெல்லாம் பழுத்திருந்தது.

"நீதான் அப்பவே போட்டு வச்சிருக்கியே. இப்படியே அழகா ஒரு வெள்ளப் பேப்பர்ல எழுதிக் குடு, போதும்."

நான் அத்தை பெயரைச் சொன்னேன். சொன்னேன் என்பதை என் நியாயத்துக்காகச் சொல்லிக்கொள்கிறேன், ஆனால் ஒரே ஒரு தடவைதான் சொன்னேன்.

"அக்காவ நாமதான பாத்துக்கப் போறோம். தனியா பேரு எதுக்கு? நீ வேற, பேஜாரு பண்ணிகினு" என்றார் சித்தப்பா. நைனா தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு, "எழுதிக் குடும்மா" என்றார்.

அவர்கள்மேல் பழி போட்டுத் தப்பிக்க எனக்கு விருப்பமில்லை. எனக்கு வயது இருபத்தேழு. அந்தக் கடையில் அடுத்தவர் தாத்தாக்களை எழுதி எழுதிக் கை மரத்துவிட்டது. சென்னையில் பி.எட். சேர வேண்டும், அந்தத் தோப்பையும் அந்தப் பஸ்ஸையும் விட்டு ஓட வேண்டும். நிலம் விற்றால் நான் கிளம்பலாம். அத்தை பெயரைச் சேர்த்தால் தகராறு, தாமதம், இன்னும் ஒரு வருஷம். வெள்ளைத்தாளை எடுத்து, ஸ்கேல் வைத்து, இரண்டு பிள்ளைகளோடு தாத்தாவின் வம்சத்தை எழுதிக் கொடுத்தேன்.

அடுத்த வாரம் கிராம நிர்வாக அலுவலர் விசாரணைக்கு வந்தார். ஊருக்குப் புதிதாக மாற்றலாகி வந்தவர். கூட வந்த தலையாரிக்கு எங்கள் குடும்பம் முழுக்கத் தெரியும். அவர் சித்தப்பாவோடு பீடி பிடித்துக்கொண்டு கடலைப் பார்த்தார். வாரிசுகள் இவர்கள் மட்டும்தான் என்று அக்கம்பக்கத்தில் இரண்டு பேர் சாட்சிக் கையெழுத்துப் போட வேண்டும். ஒரு கையெழுத்து ஆகிவிட்டது. பக்கத்தில் இருந்த அடுத்த வீடு அத்தையுடையது.

"அந்தம்மாவுக்குக் கையெழுத்துப் போட வருமா?" என்று கேட்டார் அலுவலர்.

அத்தை எழுத்தறிவு வகுப்புக்குப் போய் எழுதப் பழகியிருந்தாள். கல்பாக்கத்தில் பாத்திரம் தேய்க்கும் வீட்டம்மா முன்னால், ரேஷன் கடையில், எங்கே வாய்ப்புக் கிடைத்தாலும் கையெழுத்துப் போட்டுக் காட்டுவாள். மைப்பெட்டியை நீட்டினால் கோபம் வரும். அவள் மிலாற்றுக் கட்டைப் போட்டுவிட்டு ஓடி வந்து, முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டு, பேனாவை வாங்கினாள்.

"இன்னாத்துக்குடா இது?" என்று சித்தப்பாவைக் கேட்டாள்.

"நைனா நெலத்துப் பட்டா மாத்தறோம்கா" என்றார் சித்தப்பா, தாத்தாவைச் சொல்லி, அலுவலருக்குக் கேட்காத குரலில்.

அவ்வளவுதான். ஒவ்வொரு எழுத்தையும் உதட்டை அசைத்துச் சொல்லிக்கொண்டே எழுதினாள். புருஷன் பெயரை முன்னால் போட்டு, அவனுடைய மனைவி என்று அலுவலர் பக்கத்தில் குறித்துக்கொண்டார். தன் அப்பனுக்கு இரண்டே பிள்ளைகள் என்று அவளே சாட்சி சொல்லிவிட்டாள். நான் தாள் பறக்காமல் ஒரு முனையைப் பிடித்துக்கொண்டு நின்றேன். எழுதி முடித்துவிட்டு, "கரெக்டா கீதா?" என்று என்னைத்தான் கேட்டாள். கரெக்டா கீது அத்த என்றேன். அன்று முழுவதும் தோப்புக்கும் சாலைக்கும் இடையே சும்மா நடந்துகொண்டே இருந்தேன்.

இரண்டு மாதத்தில் அளந்து கல் நட்டார்கள். அத்தையின் ஓலை வீடு கல்லுக்கு உள்ளே வந்தது. பொங்கலுக்குள் காலி பண்ணிக்கொள், எங்கள் வீட்டுப் பின்பக்கம் ஒரு அறை தடுத்துத் தருகிறோம் என்று சித்தப்பா சொல்லியிருக்கிறார். நான் அன்று ஊரில் இல்லை, கடையில் இருந்தேன். மறுநாள் காலை பதினோரு மணிக்கு அத்தை செங்கல்பட்டில் எங்கள் கடை வாசலில் வந்து நின்றாள். அதுவரை தனியாக அவ்வளவு தூரம் வந்ததில்லை. பஸ் போர்டைத் தானே படித்து ஏறி, இரண்டு பஸ் மாறி வந்திருக்கிறாள்.

"ஒரு மனு எழுது. நீதான் எல்லாருக்கும் எழுதறியே. நான் முப்பது வருஷமா இருந்த வூட்ட காலி பண்ணுன்றானுங்க. என் தம்பிங்க ரெண்டு பேரும் சேந்துகினு என்னை ஏமாத்திட்டானுங்கடி. அந்த வூட்டுல எனக்குன்னு கீறது நீ ஒருத்திதான்."

எழுத்தர் என்னைப் பார்த்தார். நான் மனுவை எழுதினேன். கை தானாக எழுதியது. எழுதும்போதே அவளிடம் சொல்லிவிட வேண்டும் என்று நாலு தடவை வாயெடுத்தேன். சொல்லவில்லை. தாலுகா ஆபீஸுக்கு நடந்து போகும் வழியெல்லாம் அவள் தம்பிகளைத் திட்டிக்கொண்டே வந்தாள், நடுநடுவே என் கையைப் பிடித்துக்கொண்டாள். அந்தக் கையை இழுத்துக்கொண்டு எங்காவது ஓடிவிடலாம் போல இருந்தது.

வீடு அத்தையிடமே நின்றுவிட்டது என்பதை இங்கேயே சொல்லிவிடுகிறேன். அவள் பங்கை ஒதுக்கிவிட்டுத்தான் விற்றார்கள், அதற்கு ஒன்றரை வருஷம் ஆனது. சித்தப்பா என்னோடு பேசுவதை நிறுத்தினார். பி.எட். பிறகு எப்படியோ படித்தேன். ஆனால் என் தூக்கத்தைக் கெடுப்பது அதெல்லாம் இல்லை, அன்று தாலுகா ஆபீஸில் நடந்ததுதான்.

மேசைக்கு அந்தப் பக்கம் ஒரு பெண் அதிகாரி இருந்தார். மனுவைப் படித்தார், கோப்பை எடுத்து வரச் சொன்னார், புரட்டினார். நெற்றியைச் சுருக்கிக்கொண்டு அத்தையைப் பார்த்தார்.

"ரெண்டு பையன் மட்டும்தான் வாரிசுன்னு இதுல இருக்கும்மா. கீழ சாட்சிக் கையெழுத்து உங்களுதுதானே?"

அத்தை எட்டிப் பார்த்தாள். "என்னுதுதான் மேடம்" என்றாள். கையெழுத்தை மறுக்க அவளுக்கு மனசு வரவில்லை. "ஆனா இதுல இன்னா எழுதியிருக்குதுன்னு எனக்குச் சொல்லல."

"இந்தப் படத்த யாரு எழுதினது? அச்சடிச்ச மாதிரி இருக்கே."

"யாராண்டயோ குடுத்து எழுதிகினானுங்க" என்றாள் அத்தை.

"நான்தான் எழுதினேன்" என்றேன்.

அதிகாரி மூக்குக் கண்ணாடியைக் கழற்றினார். அத்தை என் பக்கம் திரும்பினாள். கோபப்படுவாள் என்று நினைத்தேன். அவள் ரொம்ப மெதுவாகக் கேட்டாள்.

"உங்க நைனா மெரட்டி எழுதச் சொன்னானா?"

எனக்காக அவளே ஒரு வழியைத் திறந்துவிட்டாள். ஆமாம் என்று சொல்லியிருந்தால் நம்பியிருப்பாள். நம்ப ஆசைப்பட்டுத்தான் கேட்டாள்.

"இல்ல அத்த. அவங்க கேட்டது இப்பதான். நான் உன்னை எப்பவோ வுட்டுட்டேன். அந்தச் செவுத்துல ஒட்டினேனே, அதுலயே நீ இல்ல."

"இன்னாத்துக்குடி?"

"உனக்கப்புறம் யாரும் இல்லன்னு."

அதிகாரி ஒரு வெள்ளைத்தாளை என் பக்கம் தள்ளினார். மூன்று பேரையும் போட்டுப் புதிதாக எழுதிக் கொடு, பட்டாவை நிறுத்தி விசாரிக்கிறேன் என்றார். நான் நின்றபடியே மேசை ஓரத்தில் குனிந்து எழுதினேன். உச்சியில் தாத்தா. கீழே முதலில் அத்தை. பிறகு நைனா, பிறகு சித்தப்பா. அத்தை பக்கத்தில் வந்து நின்று பேனா முனையையே பார்த்தாள். தன் பெயர் வந்ததும் எழுத்துக் கூட்டி வாசித்தாள். பிறகு அதற்கு நேர்கீழே விரலை வைத்தாள்.

"இங்க ஒரு கோடு போடு."

"எதுக்கு அத்த?"

"போடுன்னா போடு. யாரும் இல்லன்னு நீயா முடிவு பண்ணிகின. எனக்கு ஒண்ணு பொறந்துச்சு. பொண்ணு. பதினோரு நாள் இருந்துச்சு. அது போனப்புறம்தான் அவன் என்னைத் தொரத்தினான்."

எந்த நாட்டு ராஜாவின் எந்த மகள் எந்த வருஷம் பிறந்தாள் என்று கேட்டால் பஸ் ஓடும்போதே சொல்வேன். அத்தைக்குக் குழந்தை பிறந்ததா என்று ஒரு நாளும் கேட்டதில்லை. யாரும் எனக்குச் சொன்னதுமில்லை. அவ்வளவு வெட்கம் நான் அதற்கு முன்னும் பட்டதில்லை, பின்னும் பட்டதில்லை.

"இறந்த குழந்தைய இந்தச் சான்றிதழ்ல எழுத வேண்டியதில்லம்மா" என்றார் அதிகாரி, தணிந்த குரலில்.

"சான்றிதழுக்கு வேணாம் மேடம். இவளுக்கு வேணும். எழுதட்டும்."

நான் கோடு போட்டேன். ஸ்கேல் இல்லை, கோணலாக வந்தது.

"பேரு இன்னா அத்த?"

"பேரு வெக்கறதுக்குள்ள பூட்ச்சி."

மகள் என்று எழுதினேன். பக்கத்தில் பதினோரு நாள் என்று எழுதினேன். அத்தை ஒவ்வொரு எழுத்தாகக் கூட்டி, இரண்டு தடவை வாசித்தாள். பிறகு என் கையிலிருந்து தாளை வாங்கி, அவளே மேடத்திடம் கொடுத்தாள்.